பெங்களூரில் வீடு: காற்றா, தண்ணீரா?

டொர்னாடோ பயம் பெங்களூருக்கு அநேகமாக இல்லை. பிறகு ஏப்ரல், மே மாலைகளில் மரங்கள் ஏன் சாய்கின்றன? சூடான, ஈரமான காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. விழும் மழையில் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றுக்காற்றைக் குளிர்விக்க, கனத்துப்போன அந்தக் காற்று தொப்பென்று தரையில் இறங்கி நாலாபக்கமும் பாய்கிறது.

மரத்தை வெட்டி அகற்றிவிடலாம். வீடு வாங்குபவரைக் கவிழ்ப்பது தண்ணீர்தான். 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மி.மீ. கொட்டி, 1891-இன் ஜூன் சாதனையை முறியடித்தது. மேட்டு ஏரி நிரம்பினால் உபரிநீரைப் பள்ளத்து ஏரிக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் ராஜகாலுவே. அதை ஆக்கிரமித்தால் தண்ணீர் வாசலுக்கு வரும். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் சொகுசு வில்லாக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியேறினார்கள். மாடுலர் கிச்சனைப் பிறகு பார்க்கலாம். முதலில் பழைய கிராம வரைபடத்தில் மனைக்கு மேல்பக்கம் எந்த ஏரி இருக்கிறது என்று பாருங்கள்.