இருபது ஆண்டுகட்குப் பின் திரும்பிய குதிரைகள்

மாவனல்லைக்கு அண்மையிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாம் ஒருமுறை சென்றிருந்தோம். பூசை முடிந்து, பொங்கலும் பிரசாதமும் வழங்கப்பட்ட பின்னர், பட்டணத்திலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து சினிமாப் பாட்டுகள் முழங்கத் தொடங்கின. எமக்கு அருகில் அமர்ந்திருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மேடையையே நோக்கியவாறு, “ஒரு காலத்துல இந்த மேடையில நாங்கதாங்க பாடினோம்” என்றார்.

ஐவர் சேர்ந்த குழுவாம் அது. ஆர்மோனியம் ஒன்று, டோலக் ஒன்று, கடன் வாங்கிய கிற்றார் ஒன்று. பாட்டுகளைத் தாமே கட்டிப் பாடினார்களாம். பின்னர் ஒருவர் கொழும்பிலே கடை வேலைக்குப் போனார். ஒருவர் வளைகுடா நாடு சென்றார். ஒருவர் மணம் முடித்து அட்டன் பக்கம் போய்விட்டார். குழு கலைந்தது. இப்பொழுது பழைய நண்பர்கள் மூவர் மீண்டும் கூடிப் புதுப்பாட்டுகள் பாடிப் பதிவு செய்யலாமா என்று பேசிக்கொள்கிறார்களாம். ஆனால் அவருக்கு ஓர் அச்சம். “இருபது வருசம் கழிச்சு மேடையேறினா சனங்க சிரிக்க மாட்டாங்களாய்யா?” என்று வினவினார்.

அக்கணத்தில் எமக்கு விடை தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியிலேதான் கல்கத்தா நகரத்து இசைக்குழு ஒன்றின் கதை நினைவுக்கு வந்தது. அந்நண்பருக்கு அன்று சொல்லாத விடையை இன்று நேயர்கள் யாவருக்குமாகச் சொல்லுகின்றோம்.

கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்கள் சப்ரகமுவ மாகாணத்துக்குப் புதியன அல்ல. 1960களில் இரத்தினபுரியிலே தோன்றி, இலங்கை வானொலியின் வாயிலாக நாடெங்கும் புகழ்பெற்ற ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவை எம்மவர் பலரும் அறிவர். கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் அதன் இரு கண்களாக விளங்கினர். அவர்கள் பிரிந்ததும், பின்னர் ‘சுப்பர் கோல்டன் சைம்ஸ்’ என்னும் பெயரில் ஒன்று சேர்ந்ததும் சிங்கள மெல்லிசை வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். ஆயினும், பிரிந்தோர் கூடுவதன் உட்பொருளை இன்னும் தெளிவாகக் காட்டுவது கல்கத்தாக் கதையே.

எழுவர் கூடிய வீடு

அக்குழுவின் பெயர் ‘மொஹீனேர் கோராகுலி’. அதாவது ‘மொஹீனின் குதிரைகள்’. வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாசின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் இது. அவர் 1954ஆம் ஆண்டு கல்கத்தாவில் டிராம் வண்டி மோதி மாண்டவர். வாழ்ந்த காலத்தில் அவரும் போதிய மதிப்புப் பெறவில்லை. மறைவுக்குப் பின்னரே பெருங்கவிஞரென ஏற்கப்பட்டார். அவர் சொல்லிலிருந்து பெயர் பெற்ற குழுவும் அவ்வாறே காலந் தாழ்ந்து போற்றப்பட்டமை வியப்பன்றோ?

குழுவின் தலைவர் கௌதம் சட்டோபாத்தியாய். 1948இல் பிறந்தவர், பிரசிடென்சிக் கல்லூரியிலே பயின்றவர். இளமையில் பார்க் தெருவின் உணவகங்களிலே மேனாட்டு இசை வாசித்தவர். 1967இல், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நக்சல்பாரி என்னும் சிற்றூரிலே மூண்ட உழவர் கிளர்ச்சி வங்காள மாணவர் பலரை ஈர்த்தது. கௌதமும் அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வெளிவந்த பின்னர் மாநிலத்தை விட்டகன்று, மத்தியப் பிரதேசத்திலே மருந்து விற்பனைப் பிரதிநிதியாகச் சில காலம் பணியாற்றினார். 1970களின் நடுவில் ஊர் திரும்பியபோது அவர் கையில் இருந்தவை கிற்றாரும் சில பாட்டுகளுமே.

நாக்தலா என்னும் பகுதியிலிருந்த அவர் வீட்டிலே தம்பியரும் நண்பரும் கூடினர். எழுவர் சேர்ந்ததால் முதலில் ‘சப்தரிஷி’ எனப் பெயர் பூண்டனர். பின்னர் வேறு பெயர்களும் மாறி, இறுதியாக ரஞ்சன் கோஷால் சூட்டிய ‘மொஹீனின் குதிரைகள்’ என்பதே நிலைத்தது. ஒருவர் டிரம் வாசித்தார், ஒருவர் பிடிலும் பியானோவும், ஒருவர் புல்லாங்குழல், கௌதம் கிற்றாரோடு சாக்சபோனும் ஊதினார். மேனாட்டு றொக் இசையோடு, ஊர் ஊராகத் திரிந்து பாடும் பாவுல் பாணரின் நாட்டுப்புற மெட்டுகளையும் இணைத்தார்கள். சுருங்கச் சொன்னால், பிறர் கருவியைக் கையிலெடுத்துத் தம்மூர்க் குரலிலே பாடினார்கள்.

விலைபோகாத தட்டுகள்

1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கொன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. கலங்கிய பறவைகளையும் கல்கத்தா நகரத்தையும் பற்றியது முதற்றட்டு. தொலைபேசி, விமான ஓடுபாதை, பெருநகரத்திலே தனித்து நிற்கும் மனிதன் இவையெல்லாம் அவர்கட்குப் பாடற்பொருளாயின.

ஆயின் அன்றைய வங்காளத்தின் செவி இதற்குப் பக்குவப்படவில்லை. தாகூரின் கீதங்களிலும் திரைப்பாட்டின் இனிமையிலும் தோய்ந்திருந்த குடும்பங்கட்கு டிரம் ஓசையும் கிற்றார் ஒலியும் கூச்சலாகவே பட்டன. இளைஞர் சிலர் விரும்பினர், மற்றையோர் நகைத்தனர். தட்டுகள் சிறிய எண்ணிக்கையிலேயே அச்சாகின. மேலும், தட்டைக் கேட்பதற்கு வீட்டிலே கிராமபோன் வேண்டும். அதனை வாங்க வல்ல வீடுகளோ புதுமையை விரும்பாதவை. புதுமையை விரும்பிய மாணவரோ கிராமபோன் வாங்க இயலாதவர். இந்த முரண்பாட்டிலே அப்பாட்டுகள் சிக்குண்டன.

1981 அளவில் குழு கலைந்தது. பெருஞ் சண்டையொன்றும் காரணமன்று. வயிறும் வாழ்க்கையுமே காரணம். ரஞ்சன் கோஷால் பெங்களூரிலே விளம்பரத் துறையிற் புகுந்தார். ஆபிரகாம் மஜும்தார் இசை ஆசிரியரானார். கௌதமின் தம்பியருள் ஒருவர் அமெரிக்கா சென்றார். கௌதம் திரைப்படத் துறையிலே இறங்கி, ‘நாக்மோத்தி’ என்னும் படத்தை ஆக்கித் தேசிய விருதும் பெற்றார். குதிரைகள் திசைக்கொன்றாய்ப் போயின. தட்டுகள் பழைய பொருட் கடைகளிலே தூசு படிந்து கிடந்தன.

செவிகள் திறந்த காலம்

பின்னர் நடந்தது யாது? 1980களிலே ஒலிநாடா மலிந்தது. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றைப் பிரதி செய்வது வீட்டிலேயே எளிதாயிற்று. எம் நாட்டிலும் பஸ் வண்டிகளிலே நாடா சுழன்ற காலத்தைப் பெரியோர் மறந்திரார். 1992இல் சுமன் சட்டோபாத்தியாயின் ‘தோமாக்கே சாய்’ என்னும் பாடற்றொகுப்பு வெளிவந்து, நகர வாழ்வைப் பாடும் புதுப்பாட்டுக்கு வங்காளிகளின் செவியைத் திறந்துவிட்டது. தாம் எக்காலத்துக்காகப் பாடினோமோ அக்காலம் இப்பொழுதுதான் வந்திருக்கின்றது என்பதைக் கௌதம் உணர்ந்திருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியிலே ‘ஆபார் பொச்சோர் குரி போரே’ என்னும் தொகுப்பு வெளியாயிற்று. ‘மீண்டும் இருபது ஆண்டுகள் கழித்து’ என்பது அதன் பொருள். இத்தலைப்பும் ஜீவனானந்தரின் கவிதையொன்றை நினைவூட்டுவதே. குழு தோன்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கலைந்து பதினான்கு.

இங்கேதான் நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அத்தொகுப்பு, பழைய எழுவரும் நரைத்த தலையோடு கூடித் தம் இளமைப் பாட்டைத் திரும்பப் பாடிய தொகுப்பு அன்று. கௌதம் அதனைத் ‘தொகுத்து’ அளித்தார். தம் பாட்டுகளோடு, அன்றைய இளங்குழுவினரின் பாட்டுகட்கும் அதில் இடம் தந்தார். தம் பாட்டுகளைப் பாடவும் இளையோரை அழைத்தார். பழைய பெயரைப் பந்தலாக நாட்டி, அதன் நிழலிலே புதியவரை அமரச் செய்தார் எனலாம். தொடர்ந்து 1990களின் பிற்பகுதியிலே மேலும் மூன்று தொகுப்புகள் இவ்வாறே வெளிவந்தன.

அத்தொகுப்பிலே தலைசிறந்தது, உலகம் சுருங்கிச் சுருங்கி, செய்மதியும் கம்பிவடமும் கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடங்கிப்போவதைப் பற்றிக் கௌதம் ஆக்கிய பாட்டு. இந்தியாவின் நடுத்தர வீடுகளிலே அப்பெட்டி அப்பொழுதுதான் பற்பல அலைவரிசைகளோடு ஆட்சி செய்யத் தொடங்கியிருந்தது. பழைய புண்ணைக் காட்டி இரங்காமல், அன்றைய நாளைப் பற்றிப் பாடினார் என்பது கருதத்தக்கது. 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்னும் இந்திப் படத்திலே அதே மெட்டு வேறு சொற்களோடு ஒலித்தது. வங்கதேசப் பாடகர் ஜேம்ஸ் அதனைப் பாடினார். மூலம் எதுவென்றறியாமலே இந்தியா முழுவதும் அம்மெட்டை முணுமுணுத்தது.

கௌதம் அதனைக் கேட்க இருக்கவில்லை. 1999 யூன் 20ஆம் நாள், தமது ஐம்பத்தொன்றாம் வயதிலே அவர் காலமானார். ரஞ்சன் கோஷால் 2020இலும், பாடகர் தாபஸ் தாஸ் 2023இலும் மறைந்தனர். ஆயினும் 1990களிலிருந்து வங்காளத்திலே பெருகிய இளைஞர் இசைக்குழுக்கள் பலவும் அவர்களையே முன்னோராகப் போற்றுகின்றன.

இருவகை வருகை

நீண்ட மௌனத்துக்குப் பின் திரும்பிய குழுக்கள் மேனாட்டிலும் உள. அமெரிக்காவின் ‘ஈகிள்ஸ்’ 1979இன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2007இலே முழுத்தொகுப்பு வெளியிட்டது. சுவீடனின் ‘அப்பா’ குழு நாற்பது ஆண்டு இடைவெளியின் பின் 2021இல் ‘வொயேஜ்’ தந்தது. இங்கிலாந்தின் ‘றோலிங் ஸ்டோன்ஸ்’ பதினெட்டு ஆண்டுகளின் பின், 2023இலே தம் சொந்தப் புதுப்பாடல்களோடு வந்தது. இவர்கள் யாவரும் முன்னரே புகழின் உச்சியைத் தொட்டவர். அவர்களை வரவேற்கக் கோடிக்கணக்கானோர் காத்திருந்தனர். மொஹீனின் குதிரைகட்கோ வழிபார்த்து நின்றவர் வெகு சிலர். கைதட்டலைத் தேடி வருவது எளிது. முன்னர் நகைக்கப்பட்ட இடத்துக்கே மீண்டும் வருவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இனி, தோட்டத்து நண்பரின் வினாவுக்கு வருவோம். சனங்கள் சிரிப்பார்களா? சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள்; முன்னரும் சிலர் சிரித்திருப்பார்கள். இருபது வயதுக் குரல் இன்று வராது. வர வேண்டியதுமில்லை. அக்குரலை மீட்கவே மேடையேறுவதானால் அச்சம் நியாயமே. ஆனால் ஐம்பது வயதிலே கண்டதை ஐம்பது வயதுக் குரலிலே பாடி, அருகிலே ஓர் இளைஞனையோ பெண்பிள்ளையையோ நிறுத்திப் பாடச் செய்வதானால் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மற்றுமொரு வேற்றுமையை எண்ணும்போது எம் நெஞ்சு சற்றுக் கனக்கின்றது. கல்கத்தாக் குழுவினர்க்குத் தூசு படிந்தேனும் மூன்று தட்டுகள் எஞ்சியிருந்தன. எம் தோட்டங்களிலே திருவிழாவுக்குத் திருவிழா பாடிக் கலைந்த குழுக்களில் எத்தனைக்கு ஒரு நாடாவேனும் எஞ்சியிருக்கும்? அப்பாட்டுகள் பாடியவர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. அவர்கள் வாய் திறவாது போனால், லயத்து வாழ்வையும் மலைப்பாதையையும் பாடிய சொற்கள் அவர்களோடே போய்விடும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ முன்னாளிற் பாடிய பெரியவர் இருப்பின், இன்று மாலையே அவரருகில் அமர்ந்து ஒரு பாட்டுக் கேளுங்கள். கல்கத்தாவார் தட்டச்சிட அலைந்ததுபோல் நீங்கள் அலைய வேண்டியதில்லை. கையிலிருக்கும் தொலைபேசியே பதிவுக்குப் போதும். அவர் முதலில் மறுப்பார். தொண்டை சரியில்லை என்பார். சற்றுப் பொறுத்திருங்கள். ஓரடி மறந்து, ஈரடி நினைந்து, மெல்லத் தொடங்குவார். அந்த மறந்த அடியை நிரப்புவது உங்கள் வேலையாகட்டும்.