‘மாத்திடலாம் சார்’... அதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்!

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்ளோதான். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, பேட்டரியில் குறையில்லை. ஆனால் இன்ஜின் சுற்றவில்லை. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காலைப்பொழுது இது. ‘ஸ்டார்ட்டர் மோட்டார் போயிடுச்சு, புதுசா மாத்திடலாம் சார்’ என்பதுதான் வழக்கமான தீர்ப்பு.

உண்மையில் போனது எது?

பல நேரங்களில் மோட்டார் போயிருக்காது. அதற்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சுற்றும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் சின்னத் துண்டு அது. செம்பு தேயக்கூடாது என்பதற்காக, தான் தேயும்படியே செய்யப்பட்டது. சில நேரம் சொலினாய்டின் உள்முனை கருகியிருக்கும். இந்த இரண்டுக்காகவும் முழு மோட்டாரைத் தூக்கிப்போடத் தேவையில்லை.

எப்படிச் சரிசெய்வது?

* முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும்.
* வயர்களைப் பிரிக்கும் முன் மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. நட்டு, போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கலாம்.
* புது பிரஷ் போட்டு, கறுத்த கம்யூட்டேட்டரை நைஸ் சாண்ட்பேப்பரால் லேசாகத் தேய்த்து, கார்பன் தூளைத் துடைக்க வேண்டும்.
* பிரஷ்ஷை சால்டர் செய்ய வேண்டியிருந்தால், அந்த வேலையை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம்.
* காருக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது; ஸ்டாண்டு கட்டாயம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

1983-ல் வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஒரிஜினல் பாகம் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் அலைய வேண்டும். கையில் இருக்கும் ஒரிஜினல் மோட்டாருக்குப் புது பிரஷ் போடுவது, டூப்ளிகேட்டை வாங்கி மாட்டுவதைவிட நல்லது. செலவும் குறைவு.

எதைக் காப்பாற்றக் கூடாது?

பிரேக் பேட், பிரேக் ஹோஸ், டயர், சீட் பெல்ட் ஆகியவற்றில் சென்டிமென்ட் கூடாது. தேய்ந்தால், வெடித்தால், நைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். தனிநபர் காரின் 15 ஆண்டுப் பதிவு முடிந்தபின், தகுதிச் சோதனையில் தேறினால்தான் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க முடியும்.

மற்றபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையெல்லாம் கரியாகி, கடைசியில் சாவியைத் திருப்பும்போது இன்ஜின் உறுமினால் வரும் சந்தோஷம் இருக்கே... அதைக் கடையில் வாங்க முடியாது. அடுத்த முறை அந்த ‘டிக்’ சத்தம் கேட்டாலும் பதற்றம் வராது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே!