முற்றத்துப் புல்லும் வீட்டு நாயும்

வீட்டைக் காக்க நாய் வேண்டும். முன்புறத்தில் பசும்புல் வேண்டும். தரையும் தூய்மையாக இருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே விரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பல. முன்னாளில் நாய் பெரும்பாலும் திண்ணைக்கு அப்பாலும் கொல்லையிலும் கிடந்தது. இன்றோ பல இல்லங்களில் அது கூடத்திலும் படுக்கையறையிலும் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறது. ஆகவே அதன் சிறுநீரும் வீட்டுக் கவலைகளுள் ஒன்றாகிவிட்டது. புல்தரையில் திட்டுத் திட்டாகக் கருகல். கூடத்தில் எத்துணை கழுவினாலும் போகாத நாற்றம். அதன் பொருட்டு வீட்டாரிடையே பூசல். இறுதியில், "எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்ற தீர்ப்பு! இத்தீர்ப்பை வழங்குமுன் சில உண்மைகளை நாம் அறிந்துகொள்வது நலம். பேசுவதற்குக் கூச்சமான பொருள்தான். எனினும் இல்லறத்தில் வாளிக்கும் துடைப்பத்துக்கும் உரிய இடத்தை மறுப்பதற்கில்லை.

புல் கருகுவது ஏன்?

நாயின் சிறுநீரிலுள்ள அமிலமே புல்லைக் கருக்குகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வயலுக்கு இடும் யூரியாவை நம் உழவர்கள் நன்கு அறிவர். அளவாக இட்டால் பயிர் செழிக்கும். ஒரே இடத்தில் அள்ளிக் கொட்டினால் பயிர் கருகும். நாயின் சிறுநீரில் இருப்பதும் அதே யூரியாவும், அதனோடு சேர்ந்த உப்புகளுமே. கருகிய திட்டைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் ஒன்று தழைத்திருப்பதைக் காணலாம். நடுவில் மிகுந்து நஞ்சானது, ஓரத்தில் குறைந்து உரமாயிற்று என்பதற்கு அவ்வளையமே சான்று.

பெட்டை நாயின் சிறுநீர் கொடியது என்னும் எண்ணமும் தவறானதே. பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் முழுவதையும் விடுகிறது. கடுவனோ காலைத் தூக்கி, கேட்டுத் தூணிலும் பூந்தொட்டியிலும் சிறிது சிறிதாகத் தெளிக்கிறது. வேறுபாடு இவ்வளவே. இருபது கிலோ எடையுள்ள நாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவரான அல்லார்டு என்பவர் 1981ஆம் ஆண்டில் இதுபற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். நான்கு வகைப் புற்களை அவர் சோதித்தார். நம் நாட்டு அருகம்புல் அவற்றுள் ஒன்று. எளிதில் கருகும் வகையில் அது சேர்ந்தது. ஆயினும் நாம் மனந்தளர வேண்டியதில்லை. அருகு கொடியோடி வேர்விடும் இயல்பினது; கருகிய இடத்தைத் தானே மீண்டும் மூடிக்கொள்ளும்.

இதற்குரிய மருந்து தண்ணீரே. நாய் சிறுநீர் கழித்தவுடன், அதன் அளவைப்போல் மும்மடங்குக்குக் குறையாமல் நீர் ஊற்றினால், கருக்க வந்தது உரமாக மாறிவிடும். பழைய திட்டாயின், நன்றாக நீர் பாய்ச்சி, காய்ந்த புல்லை வாரிவிட்டு, மேல்மண்ணைச் சிறிது மாற்றி, அருகம்புல் துண்டுகளைப் பதித்தல் போதுமானது. சிறுநீரின் தன்மையை மாற்றுவதாக எண்ணிச் சோடா உப்பு முதலியவற்றை நாயின் உணவில் கலப்பது தகாது. அதனால் நாயின் உடல்நலம் கெடக்கூடும். குடிக்கத் தூய நீரை எப்பொழுதும் வைப்பதே நன்று.

இல்லத்தினுள்

வீட்டுக்குள் நேரும் தொல்லை வேறு வகையானது. சிறுநீரின் எச்சம் நீரால் கழுவினாலும் எளிதில் முழுவதும் நீங்குவதில்லை. சிமெண்டுத் தரையிலும், ஓடுகளின் இடுக்குகளிலும், மெத்தைப் பஞ்சிலும் அது படிந்துவிடுகிறது. ஈரம் பட்டவுடன் நாற்றம் மீண்டும் கிளம்புகிறது. கோடையில் மறைந்திருந்த நாற்றம் ஐப்பசி மழையில் தலைகாட்டுவது இதனாலேயே. நமக்குத் தெரியாத அம்மணம் நாய்க்குத் தெரியும். ஆகவே அது அதே இடத்தை மீண்டும் நாடுகிறது.

எனவே முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்பு நீரால் கழுவ வேண்டும். பின்னர், வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி, அது நன்றாக ஊறி வேலை செய்யும்வரை விட்டுவைத்தல் வேண்டும். கோரைப்பாயையும் மெத்தை உறையையும் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்துக.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. சிறுநீரின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுதல் ஆகாது. சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவோடு அது சேரும்பொழுது மூச்சை அடைக்கும் நச்சுப்புகை எழும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மேலும், எலுமிச்சைச் சாறும் வினிகரும் சலவைக்கல்லையும் மொசைக் தரையையும் அரித்துவிடும்.

உடல்நலத்தையும் மறத்தலாகாது. எலிக்காய்ச்சலை விளைவிக்கும் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடும். கழுவும்பொழுது கையுறை அணிக. காலில் புண் இருந்தால் வெறுங்காலோடு செல்லற்க. பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. இந்நோய்க்குரிய தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போடுவது குடும்பம் முழுவதற்கும் காப்பாகும்.

அடிப்பதா, கவனிப்பதா?

தரையை நனைத்த நாயின் மூக்கை அதிலேயே தேய்த்து அடிப்பவர்கள் உள்ளனர். ஒரு மணி நேரத்துக்கு முன் நிகழ்ந்ததற்காக இப்பொழுது அடித்தால் அதற்குக் காரணம் விளங்காது. அச்சம் மட்டுமே எஞ்சும். அஞ்சிய நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து சிறுநீர் கழிக்கக் கற்றுக்கொள்ளும். குட்டி நாய் உறங்கி எழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடிய பின்னும் வெளியே அழைத்துச் செல்லப்பட வேண்டும். குறித்த இடத்தில் கழித்தால் அப்பொழுதே தட்டிக்கொடுக்க வேண்டும். கடுவன் ஓயாமல் அடையாளமிடுமாயின், கருத்தடை அறுவை பெரும்பாலும் அதனைக் குறைக்கும்.

நல்ல பழக்கமுள்ள நாய் திடீரென வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கினால், அது குறும்பு அன்று. பெரும்பாலும் நோயின் அறிகுறி. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்ப்பைப் புண், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். பத்தாண்டுகள் நம் வாசலைக் காத்த நாய் இறுதிக் காலத்தில் கூடத்தை நனைக்கிறது என்பதற்காக, சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டு வருவது எவ்வகையில் நியாயமாகும்? பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அத்தகைய நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே நம் முதற் கடமை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வீட்டில் முதுமையடைந்தவர்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதையும் உடன் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே, இன்று மாலையே கொல்லையில் நான்கு முழத்துக்கு நான்கு முழம் இடத்தைத் தெரிந்தெடுத்து, மணல் பரப்பி, நாய்க்கென ஒதுக்குங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் அதனை அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பைப் பிள்ளைகளுள் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வாசற்படியருகில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் எப்பொழுதும் இருக்கட்டும். புல்லும் பிழைக்கும், வீடும் மணக்கும், நாயும் நம்மோடு இருக்கும்.