பெயர் வைக்கவே போராட்டம்: ஆய்வு மாணவர்களுக்கு அமைப்பு எதற்கு?

பள்ளிக்கரணையில் பேருந்து ஏறி வேளச்சேரியைத் தாண்டினால் ஐ.ஐ.டி. மதில் சுவர் வந்துவிடும். சில கிலோமீட்டர் தூரம்தான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்திலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடங்களும் இங்கே பக்கத்தில்தான். அங்கிருந்து ஒரு பிள்ளை அந்தச் சுவருக்குள் ஆய்வு மாணவராகப் போவது எவ்வளவு அரிது என்பதற்கு அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கே சாட்சி. 2015 முதல் 2019 வரை எல்லா ஐ.ஐ.டி.களிலும் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். இடஒதுக்கீட்டின்படி இருக்க வேண்டியது 15, 7.5.

உள்ளே போனவர்கள் 2014 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் பிறந்த நாளில், சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினார்கள். பெயர் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டம். அந்தப் பெயரே முதல் சிக்கல். பெயர் மாணவர்களைப் பிளவுபடுத்துகிறது, மாற்றுங்கள் என்று நிர்வாகத் தரப்பில் சொல்லப்பட்டதாக மாணவர்கள் தெரிவித்தார்கள். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் பல ஆண்டுகளாக ஒரு வட்டம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெயரால் யாரும் பிளவுபடவில்லை போலும்!

மறு ஆண்டு, பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம் டெல்லிக்குப் போனது. பிரதமருக்கும் இந்துக்களுக்கும் எதிராக வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்பது புகார். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. 2015 மே 22 அன்று வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடு முழுவதும் போராட்டம் கிளம்பியது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அந்தச் சூட்டிலேயே மும்பை ஐ.ஐ.டி.யில் பூலேவின் பெயரையும் சேர்த்து ஒரு வட்டம் உருவானது. தடை போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனி கைகழுவும் தொட்டி என்று எழுதி ஒட்டியிருந்ததைப் படமெடுத்து ஊருக்குக் காட்டியதும் இந்த வட்டம்தான். உணவு ஒப்பந்தக்காரர் செய்த வேலை என்றது நிர்வாகம். அறிவிப்பு அகற்றப்பட்டது. தனியாக ஒரு மாணவர் இதைக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

இளங்கலை மாணவருக்கு வகுப்பில் அறுபது பேர் துணை. ஆய்வு மாணவர் தனி ஆள். நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை வரும், அறிக்கை நகரும், வாய்மொழித் தேர்வு நடக்கும். அவரோடு மனத்தாங்கல் வந்தால் ஐந்தாண்டு உழைப்பு ஆட்டம் காணும். வீட்டில் சொன்னால் புரியாது, ஏனென்றால் வீட்டில் வேறு யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்த இடத்தில் 'எனக்கும் இப்படித்தான் நடந்தது, இந்த அலுவலரிடம் போ, இப்படி எழுது' என்று சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும். அமைப்பு என்பது முதலில் இதுதான். கூட்டமும் துண்டறிக்கையும் பிறகு.

உதவித்தொகை நின்றால் ஆய்வு நிற்கும் என்பதற்கு அண்ணலின் வாழ்க்கையே சான்று. பரோடா மன்னர் தந்த உதவியில் 1913-ல் கொலம்பியா போனவர், காலம் முடிந்ததால் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920-ல் சேமிப்பும் கடனுமாக மறுபடி கப்பலேறித்தான் முடித்தார். நூறு ஆண்டு கழித்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டபோது, ஏழு மாத உதவித்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் அவருக்கு வர வேண்டியிருந்தது. விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டிருந்தார். மறு ஆண்டு மார்ச்சில் டெல்லி ஜே.என்.யு.வில் படித்த நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று கடைசியாக எழுதிவிட்டுப் போனார்.

பணம் விஷயத்தில் தெரியாமல் இழப்பவர்கள்தான் அதிகம். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்குக் கிடையாது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்தில் இது எத்தனை குடும்பங்களைத் தொடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முழுநேர ஆய்வு மாணவர்களுக்குத் தமிழக அரசு தரும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் உதவித்தொகைக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு தகவல் காதில் விழாததால் பகுதிநேர வேலைக்குப் போய் ஆய்வைத் தொலைத்தவர்கள் உண்டு.

இதெல்லாம் இன்றைக்குத் தோன்றிய யோசனையும் அல்ல. பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் பரங்கிமலையில் 1883-ல் பிறந்த எம்.சி.ராஜா பெயரில் சைதாப்பேட்டையில் இருக்கும் கல்லூரி மாணவர் விடுதி எத்தனையோ தலைமுறைகளைப் படிக்க வைத்திருக்கிறது. அரசு விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் நல்லது. விடுதி அறையில் நடக்கும் வாசிப்புக்கும் விவாதத்துக்கும் காப்பாளர் முகம் சுளிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

தாம்பரம், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிக் கல்லூரிகளில் முதுகலைக்கோ ஆய்வுக்கோ சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி சமவாய்ப்பு மையம் எங்கே இருக்கிறது? பாகுபாட்டுப் புகார்களை வாங்கும் அலுவலர் யார்? அங்கே பட்டியல் சாதி மாணவர் பிரதிநிதி உண்டா? பெயரும் அறை எண்ணும் அறிவிப்புப் பலகையில் இல்லையென்றால் வாயால் கேட்காதீர்கள், முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.