பட்டனுக்குப் பின்னால் ஒரு சமையலறை

எங்கள் தெருவில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. மேசைமேல் பழைய கம்ப்யூட்டர். திரையில் தேதி போட ஒரு பெட்டி, பக்கத்தில் ‘பாக்கிப் பட்டியல்’ என்று ஒரு பட்டன். அதைத் தட்டினால், கெடு தாண்டியும் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் பெயர்கள் வரிசையாக விரியும். “ஒத்தைப் பட்டன், எவ்வளவு வேலை செய்யுது பாருங்க” என்று நூலகத்து அக்கா வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார். அதைச் செய்து கொடுத்தவன் நான். அந்தப் பட்டன் ஒரு வேலையும் செய்யவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

வேலை செய்வது குவெரி, அதாவது தகவலைக் கேட்கும் வாக்கியம். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் ஒரு யோசனை சொன்னார்: தகவலை வரிகளும் பத்திகளுமாக டேபிள்களில் வைத்துவிடுவோம், எப்படித் தேடுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்காமல், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்போம். அப்படிக் கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தின் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டார்கள். முதலில் அதன் பெயர் சீக்வெல். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததால் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. அக்காவின் குவெரியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘திரும்பிய தேதி காலியாகவும், கெடு இந்தத் தேதிக்கு முந்தியதாகவும் உள்ள கடன் வரிகளை எடு, உறுப்பினர் டேபிளிலிருந்து பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துக் கொடு.’

நான் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் அக்சஸ். 1992 நவம்பரில் வெளிவந்த மென்பொருள். டேபிள், குவெரி, திரையில் தெரியும் ஃபார்ம் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது, சின்ன நூலகத்துக்கு அதுவே கடல். ஃபார்மில் ஒரு பட்டனை வரைந்து, அதன் பண்புகளில் ‘ஆன் கிளிக்’ என்ற வரிக்குப் போனால், தட்டியதும் எந்த நிரல் (கோடு) ஓட வேண்டும் என்று எழுதலாம். ‘ஓப்பன்குவெரி’ என்ற கட்டளையும் குவெரியின் பெயரும் போதும், பட்டன் தயார். குவெரிக்குள்ளேயே ‘ஃபார்மில் உள்ள தேதிப் பெட்டியைப் பார்த்துக்கொள்’ என்று குறித்து வைத்திருந்தேன். அருமையாக ஓடியது.

பிறகு அக்கா, “மொத்தம் எத்தனை பேர்னு மேலேயே காட்டினா நல்லாருக்கும் தம்பி” என்றார். எண்ணிக்கைதானே என்று அதே குவெரியைக் கோடிலிருந்து திறந்தேன். பிழை எண் 3061: ‘டூ ஃப்யூ பாராமீட்டர்ஸ், எக்ஸ்பெக்டட் 1’. ஏதோ ஒன்று குறைகிறதாம். நேற்றுவரை ஓடிய குவெரி, ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நம்மூர் ஹோட்டலை நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். வெளியே சர்வர், உள்ளே மாஸ்டர். “நாலாம் நம்பர்காரர் கேட்டது” என்றால் சர்வருக்கு விளங்கும். அவர் போய் ‘ரெண்டு இட்லி, ஒரு வடை’ என்று மாற்றிச் சொல்வார். மாஸ்டர் நாலாம் நம்பர்காரரைப் பார்த்ததே இல்லை. அக்சஸில் ஃபார்மும் பெட்டியும் வெளிக்கூடம். தகவலை எடுத்துத் தரும் எஞ்சின் சமையலறை. ஓப்பன்குவெரி சர்வர் வழியாகப் போகும், தேதிப் பெட்டியைத் திறந்து பார்த்து மதிப்பைச் சொல்லிவிடும். கோடிலிருந்து நேராக எஞ்சினிடம் போனால், ‘தேதிப் பெட்டி’ என்பது அதற்கு யாரென்றே தெரியாத ஒரு பெயர். அந்தக் குறைதான் ‘1’.

நான் அப்போது குறுக்கு வழி எடுத்தேன். பெட்டியில் இருக்கும் தேதியை எஸ்க்யூஎல் வாக்கியத்தின் நடுவிலேயே ஒட்டிவிட்டேன். 20ஆம் தேதி சோதித்துப் பார்த்தேன், சரி. 25ஆம் தேதியும் சரி. ஆகஸ்ட் 5 காலையில் அக்கா போன் செய்தார்: “ஏன் தம்பி, எல்லாரும் ஒரே ராத்திரியில் யோக்கியமாயிட்டாங்களா? ரெண்டே பேர்தான் பாக்கிங்குது!”

நம் கம்ப்யூட்டர் 05/08 என்று எழுதும். எஞ்சினோ எஸ்க்யூஎல்லுக்குள் வரும் தேதியை அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். அதற்கு அது மே 8. மே 8க்கு முன்பே கெடு முடிந்தும் தராத இரண்டு மகானுபாவர்களைத்தான் அது காட்டியிருக்கிறது. 25/08 வந்தால்? 25ஆவது மாதம் கிடையாது, எனவே சத்தம் போடாமல் தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். ஆக, மாதாமாதம் முதல் 12 நாள் தப்பு, 13ஆம் தேதி தானாகக் குணமாகும் காய்ச்சல். ஆகஸ்ட் 8 அன்று மட்டும் இடையில் ஒரு நாள் சரியாக இருந்திருக்கும். பிழைச் செய்தி காட்டி நிற்கும் மென்பொருளை நான் திட்டுவதே இல்லை. இப்படி உதவி செய்கிறேன் என்று மௌனமாக ஊகிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒட்டுவதை விட்டுவிட்டு, தேதியைப் பாராமீட்டராகத் தனியே கையில் கொடுத்தேன், அதோடு தீர்ந்தது. தூத்துக்குடி பக்கத்து டி’குரூஸ் என்ற பெயரைத் தேடும்போது, நடுவில் உள்ள ஒற்றை மேற்கோள் குறியால் வாக்கியம் அறுந்து போவதும் அதே மருந்தில் நின்றது.

இன்னொரு நாள் வேறு புகார். புத்தகம் வந்துவிட்டதாகப் பதிந்த கையோடு பட்டனைத் தட்டினாலும் பெயர் பட்டியலில் நிற்கிறதாம். போய்ப் பார்த்தால் வரியின் இடது ஓரத்தில் சின்னப் பென்சில் படம். எழுதியது இன்னும் திரையில்தான் இருக்கிறது, டேபிளில் இறங்கவில்லை என்று அர்த்தம். குவெரி டேபிளைத்தான் படிக்கும், திரையை அல்ல. குவெரிக்கு முன்னால் ‘முதலில் சேமி’ என்று ஒரே வரி சேர்த்தேன். ‘சேமித்தாயிற்று’ என்று தமிழில் சொல்லட்டுமே என்று அதையும் கோடில் எழுதப் பார்த்தேன். அந்த எடிட்டருக்குத் தமிழ் வராது, வெறும் கேள்விக்குறிகளாக நின்றது. கடைசியில் அந்த வாசகத்தை ஒரு டேபிளில் போட்டு அங்கிருந்து எடுத்தேன்.

இதுவரை சொன்ன குவெரி எடுத்துக் காட்டும் ஜாதி. மாற்றுகிற, சேர்க்கிற, அழிக்கிற குவெரிகளும் உண்டு. அவற்றை ஓப்பன்குவெரி மூலம் ஓட்டினால், இத்தனை வரிகள் மாறப்போகின்றன, சரியா என்று அக்சஸ் கேட்கும். இந்த நச்சரிப்பு பிடிக்காமல் எச்சரிக்கையையே அணைத்து வைப்பவர்கள் ஏராளம். அணைத்த பிறகு கோடு நடுவில் பிழையாகி நின்றால் எச்சரிக்கை அணைந்தபடியே கிடக்கும். அப்புறம் கைதவறி எதை அழித்தாலும் கேள்வி வராது. நேராக எஞ்சினிடம் ‘எக்ஸிக்யூட்’ கொடுத்து, பிழை வந்தால் எதையும் மாற்றாதே என்ற நிபந்தனையையும் சேர்ப்பது எவ்வளவோ மேல். எத்தனை வரி மாறியது என்றும் அது சொல்லும்.

அக்கா கடைசியாகக் கேட்டது, ஐந்து வருடமாக வராத உறுப்பினர்களை நீக்க ஒரு பட்டன். அழித்தால் திரும்பாது அக்கா என்றேன். பரவாயில்லை, பட்டியல் நீளுது, வை என்றார். வைத்தேன். உள்ளே அழிக்கும் குவெரி இல்லை. ‘வருவதில்லை’ என்ற பத்தியில் ஒரு டிக் போடும் குவெரிதான். பட்டன்மேல் ‘நீக்கு’ என்றே எழுதியிருக்கிறேன்.