அயல்நாட்டு உதவியும் அதன் சீரமைப்பும்: பி.எல். 480 காட்டும் வரலாறு

வாஷியிலுள்ள வேளாண் விளைபொருள் மொத்தச் சந்தையில் இன்று இறங்கும் கோதுமை உள்நாட்டில் விளைந்தது என்பதை எவரும் ஒரு செய்தியாகக் கருதுவதில்லை. ஆனால் 1960களில், கழியின் மறுகரையிலுள்ள பம்பாய்த் துறைமுகத்தில் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்தே நகரத்தின் பங்கீட்டுக் கடைகள் பெரிதும் இயங்கின. அக்கோதுமை வந்த வழியை ஆராய்ந்தால், ஒரு செல்வ நாட்டின் உதவித் திட்டம் யாருடைய தேவைக்காக வகுக்கப்படுகிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்கும்.

1954-இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480, அடிப்படையில் அந்நாட்டு உழவர்களின் உபரி விளைச்சலை அகற்றும் சட்டமேயாகும். 1956-இல் இந்தியா முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. 1960 மே மாதம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, நான்கு ஆண்டுகளில் 1.7 கோடி டன் தானியம் வரவிருந்தது. விலையை ரூபாயிலேயே செலுத்தலாம் என்பது, அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலத்தில் பெரும் வசதியாகத் தோன்றியது. அவ்வாறு குவிந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்குத் தமிழ் நூல்களும் வாங்கப்பட்டன என்பது சுவையான செய்தி.

எனினும் மலிவான இறக்குமதி உள்நாட்டு விலையைத் தாழ்த்தி, உழவரின் ஊக்கத்தைக் குறைக்கும் என்று பொருளியல் அறிஞர் டி.டபிள்யூ. ஷூல்ட்ஸ் 1960-இலேயே எச்சரித்தார். பாதிப்பின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் மறுக்க முடியாதது வேறொன்று. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த நம் உணவு தானிய உற்பத்தி, வறட்சியால் 1965-66இல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அத்தருணத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன், நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சிறிது சிறிதாகவே தானியத்தை விடுவித்தார். அடுத்த கப்பல் எப்போது என்பது வாஷிங்டனின் மனநிலையைப் பொறுத்ததாயிற்று. வேளாண்மைக்கு முதலிடம் தரும் சீர்திருத்தங்களை உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் முன்பே விரும்பியிருந்தார் என்பது உண்மையே; ஆனால் நாமே விரும்பியதும் பிறர் நிபந்தனையாக வந்தபோது கசந்தது. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியதும், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்ததும் இப்பின்னணியில்தான்.

தேங்கிக் கிடந்த ரூபாயில் பெரும்பகுதியை, 200 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ளதை, 1974 பிப்ரவரியில் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. கணக்கேட்டின் சிக்கல் அத்துடன் பெரிதும் தீர்ந்தது.

உதவியை வழங்கும் முறையில் வந்த சீரமைப்பு மெதுவானது. 1961-இல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமை நிறுவப்பட்டது. 1973-இல் ஏழை மக்களின் அடிப்படைத் தேவைகளுக்கு முதன்மை தரச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்ற விதி நிலைத்தது. 1985-இல் அது முக்கால் பங்காக உயர்த்தப்பட்டு, 2012-இல் மீண்டும் பாதியாயிற்று. பசித்தவருக்கென ஒதுக்கிய நிதியில் ஒரு பங்கு கப்பல் கட்டணமாகக் கரைந்தது. பிரிட்டன் 2001-இல் தன் உதவியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. கனடா 2008-இல் உணவு உதவியை அவ்வாறே விடுவித்தது. அமெரிக்காவிலோ 2025 ஜூலை முதல் நாள், முகமையே வெளியுறவுத் துறையில் கரைந்தது. முகமையைக் கலைப்பதைச் சீர்திருத்தம் என்பது, கசியும் கால்வாயைத் தூர்ப்பதைப் பாசனச் சீரமைப்பு என்பது போலாகும்.

இந்தியாவும் இன்று உதவி வழங்கும் நாடே. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் வழியே அயல்நாடுகளுக்குக் கடன் வரம்புகள் அளிக்கப்படுகின்றன. அவற்றின் பொதுவான நிபந்தனை, பொருள்களிலும் பணிகளிலும் 75 விழுக்காடு இந்தியாவிலிருந்தே பெறப்பட வேண்டும் என்பதாகும்.