தைனோசர்களும் அவற்றின் பேருருவும்

பனிச்சங்கேணி முதலாக மட்டக்களப்பு வரை களப்புக் கரைகளில் வாழும் எம்மவர்க்கு முதலை புதியதன்று. அதனைக் கண்டு அஞ்சும் சிறுவரே, அதனினும் பன்மடங்கு பெரிய தைனோசர் பற்றிக் கேட்டறிய விழைகின்றனர். 'எல்லாவற்றினும் பெரியது எது?' என்பதே வகுப்பறையில் முதற்கண் எழும் வினா. அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று தமிழ்நாட்டு மண்ணிலேயே புதைந்து கிடந்தது.

'அச்சந்தரும் பல்லி' எனப் பொருள்படும் தைனோசர் என்னும் பெயரை 1842ஆம் ஆண்டிலே வழங்கியவர் ஆங்கில அறிஞர் றிச்சட் ஓவன். 1887இல் ஹரி சீலி என்பார், இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு இவற்றைப் பல்லியிடுப்பின, பறவையிடுப்பின என இரண்டாக வகுத்தார். இருகாலால் நடந்த ஊனுண்ணிகளும், நெடுங்கழுத்துத் தாவரவுண்ணிகளும் முன்னதனுள் அடங்கும். முக்கொம்புடைய திரைசெராடாப்ஸ், முதுகிலே தகடுகள் தாங்கிய ஸ்டெகோசோரஸ் முதலியன பின்னதனைச் சாரும். பறவைகளோ, பெயருக்கு மாறாக, பல்லியிடுப்பினத்தின் வழித்தோன்றல்களே.

கோழியளவினவும் இவற்றுள் இருந்தன. ஊனுண்ணியாகிய டைரனோசோரஸ் 12 மீற்றர் நீளமும் ஏறக்குறைய 8 தொன் நிறையும் உடையது. கோதாவரிப் பள்ளத்தாக்கிற் கிடைத்து, 1975இல் தாகூரின் நினைவாகப் பெயரிடப்பெற்ற பாரபாசோரஸ் ஏறத்தாழ 14 மீற்றர் நீண்ட நெடுங்கழுத்து விலங்கு. அதன் என்புக்கூட்டைக் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் காணலாம்.

இவையனைத்தையும் விஞ்சக்கூடியது அரியலூரை அடுத்த கல்லமேட்டிற் கிடைத்த 'புருகத்காயோசோரஸ்'. 'பேருடற் பல்லி' என்பது இதன் பொருள். இது வாழ்ந்தது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1987இல் இதனை விவரித்தனர். முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட இது, நெடுங்கழுத்து இனமே எனப் பின்னர் கொள்ளப்பட்டது.

இதன் கணைக்கால் என்பு 2 மீற்றர் நீளமுடையதெனக் குறிக்கப்பட்டுள்ளது. பெருவிலங்கெனப் புகழ்பெற்ற ஆர்ஜென்டினோசோரஸின் அவ்வென்பு 1.55 மீற்றரே. நீளம் இருமடங்கானால் நிறை எண்மடங்காகும் என்பது கணக்கு. உடலின் விகிதம் ஒன்றேயெனக் கொண்டால், 1.29 மடங்கு நீளத்துக்கு நிறை இருமடங்கினும் சற்று மிகும். ஆர்ஜென்டினோசோரஸை 75 தொன் எனக் கொள்வோமாயின், அரியலூர் விலங்கு ஏறக்குறைய 160 தொன் ஆகும். அஃதாவது 5 தொன் நிறையுள்ள யானைகள் முப்பத்திரண்டு! 2023இல் வெளியான ஓர் ஆய்வும் 110 முதல் 170 தொன் வரை மதிப்பிட்டது.

எனினும், அவ்வென்புகள் இன்று இல்லை. நைந்திருந்த அவை பொடிந்து அழிந்தன. வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே எஞ்சின. ஆதலால் 'இதுவே பெரியது' என அறுதியிட்டுரைக்க அறிஞர் தயங்குகின்றனர். தமிழ்நாட்டுப் பெருமையென மயங்கி, நாம் அத்தயக்கத்தைக் கைவிடுதல் தகாது.

எம் கிழக்கிலங்கையிலும் இத்தகைய என்புகள் கிடைக்குமோ எனச் சிலர் வினவலாம். இங்குள்ள பாறைகள் தைனோசர்களுக்கு மிக முற்பட்டவை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் என்பு தேடுதல் வீண். புத்தளத்தை அடுத்த தப்போவையில் ஜுராசிக் காலப் படிவுகள் உள. அவை தாவரச் சுவடுகளைத் தாங்கியுள்ளன.

மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. கண்டெடுத்தல் அறிவின் தொடக்கம் மட்டுமே. அளந்து, குறித்து, பேணி வைத்தாலன்றி, மலையனைய விலங்கும் ஐயத்துக்கிடமான செய்தியாய் முடியும்.